குடத்தில் இல்லாத ஓலை

உத்திரமேரூருக்கு என் முதுகலை மாணவிகளை மூன்று முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். கல்வெட்டியல் தாளுக்கான களப்பயணம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் வரிவரியாக எழுத்து. முதல் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் தேர்தல் நடத்தினார்கள் என்ற பெருமிதத்தோடுதான் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் மாணவியாக வந்தபோது அப்படித்தான் நின்றேன்.

மூன்றாவது பயணத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா, இந்தக் குடத்துல யார் யாரோட பேரு போட்டாங்க? நம்ம பேரு இருந்திருக்குமா?"

இருந்திருக்காது என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இருந்திருக்காது என்று அவள் அடுத்ததாகக் கேட்டபோதுதான், அந்தக் கேள்விக்கு நான் இத்தனை ஆண்டுகளாக ஒழுங்கான விடை தேடவில்லை என்பது உறைத்தது. இந்தக் கட்டுரை அவளுக்கான விடை.

முதலில் கல்வெட்டு சொல்வதைப் பார்ப்போம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு போன்ற ஒரு பிரிவு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபையார் சிறியவர் பெரியவர் என்று எல்லோரும் கூடியிருக்க, ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை நடுநிலையாளர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிப்பார். இப்படித் தேர்ந்தவர்களிலிருந்து ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமையும். பதவிக்காலம் 360 நாள். கையில் ஓலையை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக விரல்களைக்கூட விரிக்கச் சொன்ன அந்த எச்சரிக்கையை இன்றும் வியக்கிறேன்.

ஆனால் குடத்துக்குள் போக ஓலைக்குத் தகுதி வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். பிற்காலத் தஞ்சை அளவில் ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்பதால், கால் வேலி ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது, இரண்டே ஆண்டில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறியது. வேதம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாடியமும் ஓத வல்லவர் என்றால், அரைக்கால் வேலி நிலமே போதும். உத்திரமேரூர் பிரமதேய ஊர். அங்கிருந்தது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் வண்டல் சுமந்தவர்களும் அந்தக் குடத்தின் கணக்கில் வரவில்லை.

பெண்கள் கூடாது என்று கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனால் பெண்கள் அந்தக் கல்வெட்டில் வருகிறார்கள். எங்கே என்றால், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மீண்டும் ஓலையில் இடம்பெறக் கூடாது என்ற விதியில். தாயின் உடன்பிறந்த பெண்களின் மக்கள், அத்தை மகன், தாய்மாமன், மகளை மணந்தவர் என்று உறவுகள் நீள்கின்றன. ஒரு ஆணுக்கும் இன்னொரு ஆணுக்கும் என்ன உறவு என்று அடையாளம் காட்டுவதற்கான முடிச்சாக மட்டும் தாய், அத்தை, மகள் எல்லாரும் கல்லில் இருக்கிறார்கள். பெயர் இல்லாமல்.

பள்ளியில் நமக்கு ஆட்சி வடிவங்களைச் சொல்லிக்கொடுக்கும்போது தலைகளை எண்ணச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவர் ஆண்டால் முடியாட்சி, சிலர் ஆண்டால் குழுவாட்சி, எல்லோரும் ஆண்டால் குடியாட்சி. இந்த எண்ணிக்கையை நம்பிப் பெண்களின் வரலாற்றைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எத்தனை பேர் ஆள்கிறார்கள் என்பதைவிட, ஆள்பவருக்கு அந்த அதிகாரம் எதிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். நிலத்திலிருந்தா, கல்வியிலிருந்தா, பிறப்பிலிருந்தா, வாளிலிருந்தா, கோயிலிலிருந்தா? அந்த ஊற்றுக்கண்ணில் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு குடம் தண்ணீர் உண்டா, இல்லை யாரோ ஒரு ஆண் மொண்டு ஊற்றினால்தான் உண்டா?

இப்படிக் கேட்கும்போது வியப்பான ஒன்று தெரிகிறது. பலர் கூடி ஆண்ட உத்திரமேரூர்ச் சபையில் ஒரு பெண் பெயரும் இல்லை. ஒருவர் ஆண்ட தஞ்சாவூரில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முதலாம் இராசராசன் 1014-ஐ ஒட்டிப் பெரியகோயிலில் வெட்டுவித்த கல்வெட்டில், ஆடல் பாடல் பணிக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் உள்ளன. எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். இறைவனுக்குரிய பெயரான நக்கன் என்பது அவர்கள் பெயர்களுக்கு முன்னால் வருகிறது. தந்தை பெயரோ கணவன் பெயரோ இல்லை. தமிழ்க் கல்வெட்டுகளில் பெண்கள் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் சொந்தப் பெயரோடு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். ஆனால் அது ஆள்பவர்களின் பட்டியல் அல்ல. கோயிலுக்கு உரியவர்களின் பட்டியல். பெயர் எழுதப்படுவது வேறு, அந்தப் பெயர் ஒன்றைத் தீர்மானிப்பது வேறு.

அரச குடும்பத்துப் பெண்களோ? செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டின் பின்பாதியில் சோழநாட்டுச் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவர். கைம்பெண்ணாக, அடுத்தடுத்து வந்த அரசர்களின் காலத்தில், ஒரு பெரும் கட்டடக் கலை மரபையே உருவாக்கியவர். கோனேரிராசபுரத்துக் கோயிலை அவர் மறைந்த கணவர் கண்டராதித்தரின் பெயரால் எடுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. செல்வம் அவரிடம் இருந்தது, கொடை அவருடையது, பெயர் கணவருடையது. எழுநூறு ஆண்டு கழித்து மதுரையில் இராணி மங்கம்மாள் 1689 முதல் பதினேழு ஆண்டு ஆண்டார். சாலை போட்டார், சத்திரம் கட்டினார், படை நடத்தினார். ஆயினும் அவர் ஆண்டது பேரன் விசயரங்க சொக்கநாதனின் பெயரால். குழந்தை ஆணாக இருந்ததால் பாட்டிக்கு அதிகாரம் வந்தது. குழந்தை வளர்ந்ததும் அந்த அதிகாரத்துக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

ஆங்கிலேயர் வந்து சட்டசபை வந்தபிறகு ஊற்று மாறியதா? 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்தியா அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முடிவை மாகாணங்களின் கையில் விட்டது. 1921-இல் சென்னை மாகாணம் அந்த மாகாணங்களிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. நாம் பெருமைப்பட வேண்டிய நிகழ்ச்சிதான். ஆனால் ஆண்களுக்கு இருந்த அதே தகுதி பெண்களுக்கும் என்றார்கள். அந்தத் தகுதி என்ன? சொத்தும் வரியும். கால் வேலி நிலம் ஆயிரம் ஆண்டு கழித்து ஆங்கிலத்தில் திரும்பி வந்திருந்தது. சொத்தில் பங்கில்லாத பெண்களிடம், சொத்து இருந்தால் நீயும் சமம் என்று சொல்வது எந்த வகைச் சமத்துவம்?

1927-இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். தேவதாசி மரபில் வந்த தாயின் மகள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். தஞ்சைக் கல்வெட்டின் நானூறு பெயர்களுக்குப் பின் அவரது பெயரை வைத்துப் படிக்கும்போது, பட்டியலில் எழுதப்பட்டவர்களின் வழியில் வந்த ஒருத்தி பட்டியல் எழுதும் இடத்துக்கு வந்துவிட்டாள் என்று தோன்றும். ஆனால் அவரும் தேர்தலில் வென்று வரவில்லை, நியமிக்கப்பட்டவர். அவர் கேட்ட சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் பெண் வாக்காளர் தொகையைக் கூட்டியது. எப்படித் தெரியுமா? சொத்துத் தகுதியுள்ள ஆணின் மனைவி, அல்லது அவனுடைய கைம்பெண் என்ற காரணத்தால் ஒரு பெண் வாக்களிக்கலாம் என்றது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கும் இடம் தந்தது. உத்திரமேரூரின் நிலமும் ஓத்தும் அப்படியே இருந்தன, கூடுதலாகத் தாலியும் ஒரு தகுதிச் சான்றாயிற்று. மனைவி என்பதற்காக வாக்கு வேண்டாம், வயது வந்த மனிதர் என்பதற்காக வேண்டும் என்று அன்றைய பெண்கள் அமைப்புகள் வாதாடின. அவர்கள் கேட்டதை அரசியலமைப்பின் 326-ஆம் உறுப்புதான் கொடுத்தது. அன்று வயது 21 நிரம்பினால் போதும் என்றிருந்தது. நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், கணவன் வேண்டாம். நம் வரலாற்றில் பெண்ணின் அதிகாரத்துக்கு அவளுடைய இருப்பைத் தவிர வேறு ஊற்றுக்கண் தேவையில்லை என்று சொன்ன முதல் வரி அது. அந்த அரசியலமைப்பை எழுதிய அவையில் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் உள்ளிட்ட பதினைந்து பெண்கள் இருந்தார்கள். அந்த அவையின் ஒரே தலித் பெண் தாட்சாயணி.

வரி எழுதப்பட்டது. பட்டியல் எழுதப் போனபோது என்ன நடந்தது? 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்காக வீடுவீடாக வந்தவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதினால் செல்லாது என்றார் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் சொந்தப் பெயர் தராததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் வடமாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்நிய ஆணிடம் பெயர் சொல்லக் கூடாது என்று பழக்கப்பட்டவளிடம், அரசாங்கம் ஓர் அந்நிய ஆணை அனுப்பிப் பெயர் கேட்டது. உத்திரமேரூர்க் கல்லில் பெயரில்லாமல் முடிச்சாக நின்ற அதே தாயும் மகளும்தான் இவர்கள்.

இனி என் வீட்டுக் கதை. 1996-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தத்தின்படி மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு. வடாற்காட்டுப் பக்கம் உள்ள எங்கள் ஊரின் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்ததும், மாமா என் அத்தையை நிறுத்தினார். துண்டறிக்கையில் மாமாவின் பெயர் பெரிய எழுத்தில் மேலே, அத்தையின் பெயர் கீழே. அத்தை வென்றார். கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார், மாமா பேசினார். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. துணைத் தலைவர் மாமாவின் கூட்டாளி.

இரண்டாம் ஆண்டில் ஏரி மதகு பழுதுபார்த்த வேலைக்குப் பணம் கொடுக்கக் காசோலை வந்தது. அத்தை கையெழுத்துப் போடவில்லை. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குப் போனவளிடம் ஒரு கோப்பை நீட்டி, "இதுல என்னா எழுதியிருக்குதுன்னு படி கண்ணு" என்றார். அத்தை ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆனால் கோப்பின் மொழி அவருக்குப் பிடிபடவில்லை. நான் நீளம், அகலம், உயரம் என்று படித்தேன். மறுநாள் விடியலில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். அளந்தோம். கோப்பில் இருந்த சுவரில் பாதிதான் கரையில் இருந்தது.

மூன்று வாரம் வீட்டில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சுவர் எழும்பியது, கையெழுத்தும் விழுந்தது. 2001-இல் அதே பதவி மறுபடியும் பெண்களுக்குத்தான். ஆனால் மாமா நிறுத்தியது தன் தம்பி மனைவியை. சுயேச்சையாக நிற்கக்கூடாதா என்று அத்தையிடம் கேட்டேன். "நிக்கலாம் கண்ணு. அப்புறம் எந்த ஊட்ல போயி படுக்கறது?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் நான் விடை கண்டதில்லை. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தந்த திருத்தம் 1989-இல் வந்தது. அதற்குமுன் திருமணமானவர்களுக்கு அதில் இடமில்லை. அத்தை எழுபதுகளில் மணமானவர். பிறந்த வீட்டு நிலம் என் அப்பாவின் பெயரிலும், புகுந்த வீட்டு நிலம் மாமாவின் பெயரிலும் இருந்தன. ஊருக்கே தலைவராக இருந்த பெண்ணுக்கு அந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. அரசியலமைப்பு நிலத்தைத் தகுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நிலமோ தன் இடத்தை விட்டு நகரவே இல்லை.

அத்தைக்காவது நாற்காலி கிடைத்தது. நாங்கள் நிலமுள்ள சாதி, அவரை உட்கார வைத்தால் தங்களுக்கு நட்டமில்லை என்று எங்கள் ஆண்கள் நினைத்தார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் நடந்தது வேறு. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்த முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தேர்தலையே முறையாக நடத்தவிடவில்லை. வாக்கு என்ற ஊற்றைச் சாதியும் நிலமும் எப்படிக் கல் வைத்து அடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெண்ணாகவும் தலித்தாகவும் இருந்து தலைவராகும் ஒருவர் இந்த இரண்டு கற்களையும் தூக்க வேண்டியிருக்கிறது.

2016-இல் தமிழ்நாடு உள்ளாட்சியில் பெண்களுக்கான பங்கைப் பாதியாக்கியது. வரவேற்கிறேன். ஆனால் ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு, மக்கள் தேர்ந்த தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குத் தருகிறது. உத்திரமேரூர்ச் சபையார் விதிகளை வகுத்தபோதும் அரசனின் ஆணையோடு வந்த அலுவலர் ஒருவர் உடன் இருந்தார். சபை எத்தனை பேர் கொண்டதாக இருந்தாலும், அதைக் கலைக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் குடத்தில் நம் பெயர் ஏன் இல்லை? நமக்கு நிலம் எழுதப்படவில்லை, ஓத்து சொல்லித்தரப்படவில்லை, நம் பெயர் பிறருடைய உறவைச் சொல்வதற்கு மட்டுமே பயன்பட்டது. இன்று பெயர் எழுதப்படுகிறது. நிலமும் கணக்கும் இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. அதற்காக நான் அந்தக் கல்வெட்டை வெறுக்கவில்லை. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்கும் மறுபடி பதவி இல்லை என்ற அந்த விதியை நான் நமக்காக எடுத்துக்கொள்கிறேன். அதை வெட்டுவித்தவர்கள் என் அத்தையை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஏரிக்கரையில் கயிறு பிடித்த அன்று, ஏரி வாரியத்தின் வேலையைச் செய்தவர் அத்தைதான்.

சபை என்ற சொல் இன்று கிராமசபையில் இருக்கிறது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடும். வரவுசெலவைக் கேட்க எந்தப் பெண்ணுக்கும் அங்கே உரிமை உண்டு. இதைப் பேருந்தில் திரும்பும்போது சொன்னேன். கேள்வி கேட்ட மாணவியின் தாய் அவர்கள் ஊரில் வார்டு உறுப்பினர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் அங்கேயே தாயைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"அம்மா, பஞ்சாயத்துக் கணக்கு நோட்டை நீ ஒரு தடவையாவது பார்த்திருக்கியா?"

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அத அப்பாகிட்டதான் கேக்கணும்" என்ற பதில் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"வேணாம். அக்டோபர் ரெண்டுக்கு நான் ஊருக்கு வர்றேன். ரெண்டு பேரும் போயி அங்கயே கேப்போம்" என்றாள் அவள்.